யானை நடக்கும் வழியில் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பேராவது முதுகில் பையும் கழுத்தில் பைனாகுலருமாக அந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். முதுகலை ஆய்வேட்டுக்காக வருகிறவர்கள், தன்னார்வலர்கள், வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்கு வந்தவர்கள். மனிதனும் காட்டு விலங்கும் ஒரே நிலத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று படிக்க வேண்டும் என்பார்கள். நல்ல ஆசைதான். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியவன். அதனால் இதை எழுதுகிறேன்.

வால்பாறையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கமான இடம் என்பதால். கூடலூர், தாளவாடி, ஓசூர் என்று நீங்கள் எங்கே போனாலும் ஊர்ப்பெயரும் பயிரும்தான் மாறும், வேலை இதேதான்.

இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். 1890-களிலிருந்து மழைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். இப்போது பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி. இடையிடையே வெட்டாமல் விட்ட துண்டுச் சோலைகள் நாற்பதுக்கு மேல். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், மேற்கே கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் 2011 கணக்கெடுப்புப்படி 70,000-த்துக்குச் சற்று மேல் மக்கள். அந்தப் பக்கக் காட்டிலிருந்து இந்தப் பக்கக் காட்டுக்குப் போகிற யானைக்கு வேறு வழி கிடையாது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கேள்வியைப் பிடிப்பது

புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, “இங்கே எத்தனை யானை இருக்கு?” தமிழ்நாட்டில் 2023 கணக்கெடுப்பில் 2,961 யானைகள், 2024-ல் 3,063. வனத்துறைக்கு இந்த எண் வேண்டும். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு இதனால் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இன்றைக்கு இந்த வழியில் நிற்கிறதா, இல்லையா?

வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் அவர் குழுவும் செய்த வேலையின் சூட்சுமம் இங்கேதான். யானை எந்த வழியாக நடக்கிறது, பகலில் எங்கே தங்குகிறது என்பதைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். கூடவே, யானையால் இறந்தவர்கள் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்றும் விசாரித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு யானை அங்கே நிற்பதே தெரியாது. தெரியாமல் போய் நேருக்கு நேர் மாட்டியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு வேலியா, அகழியா என்ற பேச்சு பின்னால் போய்விட்டது. முன்னால் வந்தது தகவல். யானை நிற்கும் இடத்தை உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகப் போட்டார்கள், போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், முக்கியமான இடங்களில் போன் மூலமே எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குகளை நட்டார்கள். 2015-ல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்குத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது இந்த வேலைக்குத்தான்.

ஆகவே கேள்வியை எழுதி முடித்ததும் அதன் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: “இதற்கு விடை கிடைத்தால் நாளைக்கு யார், எதை மாற்றிச் செய்வார்?” அந்த இடத்தில் ஒரு ஆளைக் காட்ட முடிய வேண்டும். டெப்போ மேனேஜர், தோட்டத்துத் துரை, ரேஷன் கடைக்காரர், ரேஞ்சர், தலைமையாசிரியர், யாராவது ஒருவர். யாரையும் காட்ட முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை. “யானை மீதான மக்களின் மனப்பான்மை” என்ற தலைப்பில் எத்தனையோ ஆய்வேடு வந்துவிட்டது. “எந்த மாதங்களில், எந்தப் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் யானையை எதிர்கொள்கிறார்கள்?” என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம், கடைசிப் பஸ் நேரத்தைப் பற்றி டெப்போவில் போய்ப் பேசவும் கையில் சரக்கு இருக்கும்.

காகிதத்தில் இருப்பதும் இல்லாததும்

ஊருக்குள் இறங்கும் முன் பழைய பதிவுகளைப் பாருங்கள். ரேஞ்ச் ஆபீஸில் இழப்பீட்டு மனுக்களின் பதிவேடு இருக்கும். உள்ளூர் நிருபர்களிடம் வெட்டி ஒட்டிய செய்திகள் இருக்கும். தோட்ட அலுவலகத்திலும் ஏதாவது குறிப்பு கிடைக்கும், கேட்கிற விதமாகக் கேட்டால்.

ஒரு எச்சரிக்கை. இழப்பீட்டுப் பதிவேட்டில் இருப்பது மனு கொடுத்தவர்களின் கணக்கு. நடந்ததன் கணக்கு அதைவிடப் பெரிது. தோட்டத் தொழிலாளிக்குப் பட்டா கிடையாது, வீடு கம்பெனியுடையது. கதவை யானை உடைத்தால் கம்பெனி தச்சர் வந்து அடித்துவிட்டுப் போவார், பதிவேட்டில் ஏறாது. கொல்லையில் போட்ட நாலு வாழை போனால், மனு எழுத டவுனுக்குப் போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் வாழையின் விலையைத் தாண்டிவிடும். அவரும் மனு கொடுக்க மாட்டார். பதிவேட்டை மட்டும் நம்பி மேப் போட்டால் பட்டா உள்ள இடமெல்லாம் சிவப்பாகவும் லைன் வீடெல்லாம் பச்சையாகவும் தெரியும். உண்மையில் நேர்மாறாக இருக்கலாம்.

அனுமதி

சரணாலயத்துக்குள் நுழைந்து ஆய்வு செய்ய, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விலங்கைப் பிடிப்பது, அது போகுமிடத்தைக் காட்டும் காலரைக் கழுத்தில் மாட்டுவது எல்லாம் வேறு கதை. புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் மேனேஜரின் எழுத்து அனுமதியும் வாங்க வேண்டும். பழங்குடிக் குடியிருப்பு என்றால் ஊர்க்கூட்டத்தில் நின்று, நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று சொல்லி ஒப்புதல் கேளுங்கள். ஆனைமலையில் காடர், மலைமலசர், முதுவர் எனப் பல பழங்குடிக் குடியிருப்புகள் உண்டு. 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் அவர்களுக்குள்ள உரிமைகளைப் படித்துவிட்டுப் போங்கள். தெரியாமல் போய் உட்கார்ந்தால், அவர்கள் உங்களை வனத்துறை ஆள் என்று நினைத்துப் பேசுவார்கள். அப்படி வாங்கிய பதில் எதற்கும் உதவாது.

முதல் மாதம் கேள்வித்தாளை எடுக்காதீர்கள்

இதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. இருபத்திரண்டு கேள்வியை அச்சடித்து எடுத்துக்கொண்டு, வந்த மூன்றாம் நாளே லைன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, ரப்பர் ஷீட்டை அவிழ்த்து வேலியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் முதல் கேள்வியைப் படித்தேன்: “உங்கள் பகுதியில் யானைகளால் ஏற்படும் பிரச்சினைகள் எவை?”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும் தம்பி. பிரச்சினைன்னா லைட்டுதான். அந்தா அந்த வளைவுல லைட்டு எரிஞ்சு எட்டு மாசமாச்சு. எழுதிக்கங்க.”

எழுதிக்கொள்ள என் தாளில் இடமில்லை. யானைக்கு இருபத்திரண்டு கட்டம் இருந்தது, லைட்டுக்கு ஒன்றும் இல்லை. அவர் சொன்னதுதான் விடை என்று எனக்குப் புரியவே மாதக்கணக்கானது. வெளிச்சம் இல்லாத வளைவு, தெரியாமல் நிற்கும் யானை, வேலை விட்டு வருகிற ஆள். ஆய்வு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

எனவே முதல் மாதம் நடங்கள். காலையில் தேயிலை எடைபோடும் இடம், மத்தியானம் டீக்கடை, சாயங்காலம் பஸ் ஸ்டாப். நோட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும், இரவு அறைக்குப் போய் எழுதுங்கள். இந்த மாதத்தில் நீங்கள் சேகரிக்க வேண்டியது சொற்கள். தோட்டத்தில் பல தலைமுறைக்கு முன் பல மாவட்டங்களிலிருந்தும் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேரளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு, இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைய. ஒரே விலங்குக்கு நாலு பெயர் இருக்கும். ராத்திரி நேரத்தில் சிலர் யானையை யானை என்றே சொல்லமாட்டார்கள், “பெரியவரு வந்திருக்காரு” என்பார்கள். காட்டெருமையைக் காட்டுமாடு என்பார்கள்.

பெரிய தொல்லை “புலி”. மலைப்பக்கத்தில் புலி என்றால் பல நேரம் சிறுத்தை. வரிப்புலியைத் தனியாகச் சொல்வார்கள். இது தெரியாமல் இரண்டு வாரம் நான் சேர்த்த பேச்செல்லாம் வீணாயிற்று. எது வரி, எது புள்ளி என்று பிரிக்க முடியவில்லை. இப்போது நான் செய்வது இது: புலி என்று யாராவது சொன்னால், “உடம்புல கோடா, பொட்டா?” என்று கேட்டுவிடுவேன். போட்டோ அட்டை காட்டினாலும் சரி. ஆனால் அட்டையை முதலில் காட்டாதீர்கள். காட்டியதும் எல்லோரும் அழகான படத்தைத் தொடுவார்கள்.

உள்ளூரில் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் பேசி. காட்டில் உங்கள் உயிர் அவர் மூக்கில் இருக்கிறது. யானை வாடை அவருக்கு வரும்போது உங்களுக்குத் தேயிலை வாடைதான் வரும். ஆய்வேட்டின் நன்றி பக்கத்தில் கடைசி வரியில் அவர் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கம். தரவில் பாதி அவருடையது என்றால் ஆசிரியர் வரிசையிலும் அவர் பெயர் வரலாமா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

தரையில் வரைபடம்

இரண்டாம் மாதம் வரைபடம். கணினியில் வேண்டாம், சாக்பீஸ் போதும். சமுதாயக்கூடத்துத் தரையில் ஆற்றையும் ரோட்டையும் நீங்கள் வரையுங்கள், மிச்சத்தை அவர்கள் வரையட்டும். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, சத்துணவுக்கூடம், கோயில், விறகுக்குப் போகும் வழி, இருட்டான இடம். பிறகு யானை வரும் வழியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவையுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் சாக்பீஸ் ஆண்கள் கையிலேயே இருக்கும். தனியாக வரையும்போது பெண்கள் போடும் மேப்பில் தண்ணீர்த் துறையும் விறகு வழியும் விலாவாரியாக வரும். ஆண்கள் மேப்பில் ஃபேக்டரி நைட் ஷிப்ட் முடிந்து வரும் பாதை வரும். பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள், குறுக்குவழி அத்தனையும் அவர்களுக்குத் தெரியும்.

வால்பாறையில் யானைகள் பெரும்பாலும் நடு ஆறு, சோலையாறு போன்ற ஆற்றோரக் காடுகளை ஒட்டி நடக்கின்றன. பகலில் சோலைத் துண்டுகளில் ஒதுங்குகின்றன, இருட்டியதும் தேயிலையைக் கடக்கின்றன. தேயிலை அவற்றுக்குத் தீனி இல்லை, வழி மட்டும்தான். இதை ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். தரை வரைபடத்தில் வருகிற கோடுகளை அந்தப் பதிவுகளோடு வைத்துப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் மக்கள் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், புதிதாக ஒரு வேலி வந்திருக்கும்.

கேட்கும் விதம்

இப்போது கேள்வித்தாளை எடுக்கலாம். சின்னதாக.

“யானைத் தொல்லை அதிகமாகியிருக்கிறதா?” என்று கேட்டால் அதிகமாகிவிட்டது என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, “நேத்து வேலை விட்டு எப்படி வந்தீங்க? கூட யார் வந்தா? எந்த வழி?” என்று நேற்றைய ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். நேற்று நினைவில் இருக்கும். போன வருஷம் என்றால் மாதம் சொல்லமாட்டார்கள், பண்டிகை சொல்வார்கள். தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா? பள்ளிக்கூடம் திறந்த பிறகா? மாரியம்மன் திருவிழாவுக்கு வெட்டிய வாழைக்குலை இருந்ததா? அதை வைத்து மாதத்தை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

“முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்” என்ற ஐந்து படி அளவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தமிழில் யாரும் ஓரளவு உடன்படுவதில்லை. பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, “உங்க கவலை மொத்தமும் இந்தப் பத்துதான்னா, யானைக்கு எத்தனை, சிறுத்தைக்கு எத்தனை, சம்பளத்துக்கு எத்தனை, பிள்ளை படிப்புக்கு எத்தனை?” என்று தரையில் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது பேசிக்கொண்டே பிரிப்பார்கள். எண்ணைவிட அந்தப் பேச்சு முக்கியம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவு நடந்த வீட்டில் இந்த வேலை எதுவும் கிடையாது. போய் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள். பெயரோ போட்டோவோ பதிவாகவே கூடாது. பணம் இன்னும் வரவில்லை என்று சொன்னால், வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மனு எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்ல முடிந்தால் அது போதும்.

கண்ணுக்குத் தெரியாத செலவையும் கேளுங்கள். தூக்கம் கெட்ட ராத்திரிகள், காவலுக்குப் போனவன் மறுநாள் இழந்த கூலி, ட்யூஷனை நிறுத்திய பெண்பிள்ளை, யானை வரும் என்று வெட்டிப் போட்ட பலாமரம். இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தடம் படிப்பது

விலங்கின் பக்கமும் பார்க்க வேண்டுமே. காலையில் உதவியாளரோடு ஒரே பாதையை வாரத்துக்கு இருமுறை நடங்கள். யானையின் முன்னங்கால் தடம் கிடைத்தால் நூலைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள் உயரம் ஏறக்குறைய அதுதான். சேற்றில் அகலமாகப் பரவிய தடத்தை அளக்காதீர்கள், கெட்டித் தரையில் தெளிவாகப் பதிந்ததை எடுங்கள். லத்தி, அதாவது யானைச் சாணம், புதிதா என்று சூட்டையும் பளபளப்பையும் பார்த்து உதவியாளர் சொல்வார். உங்களுக்குப் பழக நாளாகும்.

தாளில் தேதி, நேரம், ஜி.பி.எஸ், யார் சொன்னது, யார் நேரில் சரிபார்த்தது என்ற கட்டங்கள் கட்டாயம். இன்னொன்றும் கட்டாயம்: போனோம், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத நாளையும் எழுதுங்கள். நான் முதல் சீசனில் தடம் கிடைத்த நாளை மட்டும் எழுதினேன். எத்தனை நாள் நடந்து அத்தனை தடம் என்று கடைசியில் யாரோ கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நாலு மாத உழைப்பு, பின்னத்துக்குக் கீழே போட எண் இல்லாமல் போயிற்று.

தானியங்கிக் கேமரா வைப்பதாக இருந்தால் யோசித்து வையுங்கள். அதில் விழுவது சிறுத்தை மட்டும் இல்லை. விறகுக்குப் போகிற பெண்களும் ஒதுக்குப்புறத்துக்குப் போகிறவர்களும் விழுவார்கள். எங்கே வைத்திருக்கிறோம் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லுங்கள், மனிதர் படங்களை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அழியுங்கள். அந்தப் படங்களைக் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காமல் இருக்க முதலிலேயே அழித்துவிடுவது ஒன்றே வழி.

உயிரோடு திரும்பி வருவது

இருட்டிய பிறகு நடக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். காற்று உங்கள் முதுகிலிருந்து யானைப் பக்கம் அடிக்கிறதா என்று பாருங்கள். ஆற்றோரம், உயரமாக வளர்ந்த காப்பி, கண்ணுக்குத் தெரியாத வளைவு ஆகிய இடங்களில் நின்று காதைக் கொடுங்கள். கிளை முறியும் சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்புங்கள். தரவு நாளைக்கும் கிடைக்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி, கல்லெறிந்து, போனை நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் நிற்காதீர்கள். அங்கே பதிவு செய்யத்தக்கது கூட்டத்தின் நடத்தை, அதைத் தூரத்திலிருந்தே பதிவு செய்யலாம். மழைக்காலத்தில் அட்டைக்கு மூக்குப்பொடி, உப்பு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நீளமான காலுறை வாங்குங்கள்.

எண்ணைப் பார்க்கும்போது

சிக்கலான புள்ளியியல் தேவைப்படாது. மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் நடந்தோம், இத்தனை தடம். இத்தனை வீட்டில் கேட்டோம், இத்தனை சம்பவம், அதில் இத்தனை பேருக்கு யானை இருப்பது முன்பே தெரியும். கடைசியில் சொன்ன எண்ணைக் கட்டாயம் எடுங்கள். தடத்தின் வரைபடம், சம்பவத்தின் வரைபடம், பயத்தின் வரைபடம் மூன்றையும் தனித்தனியாகப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. யானையே போகாத இடத்தில் பயம் இருக்கும், தினம் போகிற இடத்தில் பயமே இருக்காது. ஏன் என்று போய்க் கேட்பதுதான் அடுத்த மாத வேலை.

“மக்கள் பங்கேற்பு” என்று எழுதும் முன்

எந்த மக்கள்? வால்பாறையில் லைன் வீட்டுத் தொழிலாளி, காடர் குடியிருப்பு, தோட்ட நிர்வாகம், டவுன் கடைக்காரர், விடுதி நடத்துகிறவர் ஐந்து பேருக்கும் ஐந்து நலன். விடுதிக்காரருக்கு யானை தெரிந்தால் வியாபாரம், தொழிலாளிக்குத் தெரிந்தால் ஓட்டம். ஐவரையும் ஒரே சொல்லில் அடைத்து எழுதினால் யார் குரல் உரக்க இருக்கிறதோ அது மட்டும் அறிக்கையில் வரும்.

ஊரே காத்த கதைகள் நமக்கு உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகளுக்குத் தெரியும். இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். ஆனால் கொக்கு ஆளைக் கொல்லாது. அந்த ஊர்களின் பெருந்தன்மையை எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவை யானைக்குப் பறிகொடுத்த வீட்டில் நின்று, “நீங்களும் இப்படி இருக்கலாமே” என்று சொல்வது அநியாயம்.

யானைக்குப் பொருத்தமான பாடம் இலங்கையில் இருக்கிறது. அங்கே யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் குழுவும், யானை இருக்கும் காட்டைச் சுற்றி வேலி போடுவதை விட்டுவிட்டு, ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி போட வைத்தார்கள். வயல் வேலி பருவத்துக்கு மட்டும். அறுவடை முடிந்ததும் விவசாயிகளே கழற்றி எடுத்துவிடுவார்கள், யானை வந்து வயலில் மிஞ்சிய தாளை மேய்ந்துவிட்டுப் போகும். வேலியைப் பார்த்துக்கொள்வது விவசாயிகள். தன் பயிருக்குத் தானே காவல் என்பதால் அறுந்த கம்பி அன்றைக்கே கட்டப்படும்.

ஊர்க்கூட்டத்தில் உங்களிடம் நிச்சயம் ஒருவர் கேட்பார்: “பிடிச்சு வேற காட்டுல விட்டா என்ன?” இதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். இலங்கையில் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைக் காலர் மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன, பிரச்சினை தீரவில்லை, இடம்தான் மாறியது. நம் பக்கத்திலேயே அரிக்கொம்பன் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அடுத்த மாதம் கம்பம் டவுனுக்குள் வந்தது, ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். கதையாகச் சொன்னால் கூட்டம் கேட்கும், அட்டவணையாகக் காட்டினால் எழுந்து போகும்.

திருப்பிக் கொடுப்பது

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே ஊருக்குப் போங்கள். தமிழில் ஒரு பக்கம், ஒரு மேப், அவ்வளவு. சம்பள நாளுக்கு மறுநாள் கூட்டம் வைத்தால் ஆள் வரும். மேப்பைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேனாவை அவர்களிடம் கொடுத்துத் தப்பைத் திருத்தச் சொல்லுங்கள். என் மேப்பில் ஒரு ஓடையின் பெயரே தப்பு என்று ஒரு தாத்தா அடித்துத் திருத்தினார். ரெண்டு வருஷமாக எல்லா அறிக்கையிலும் அந்தத் தப்புப் பெயர்தான் போயிருந்தது. சிறுத்தை குட்டி போட்ட இடம், அரிய பறவையின் கூடு போன்றவற்றைப் பொது மேப்பில் போடாதீர்கள். பிடிக்க ஆள் வரும், படமெடுக்கவும் வரும்.

அந்த ஒரு பக்கத்தின் அடியில், மாறக்கூடியவை என்று மூன்று வரி எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான ஆபீஸ். வளைவில் விளக்கு: நகராட்சி. கடைசிப் பஸ் நிறுத்தும் இடம்: டெப்போ. யானை உடைக்கும் ரேஷன் கடைப் பின்கதவு: அதன் ஆபீஸ். மனுவை ஊர்க்காரர்கள் கையெழுத்தில் கொடுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். நீங்கள் போய்விடுவீர்கள்.

ஒரு வருஷம் கழித்து, சொந்தக் காசில் என்றாலும், ஒருமுறை திரும்பிப் போங்கள். எச்சரிக்கை விளக்கு வைத்திருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். எரிகிறது என்றால், அதற்குள் இருக்கும் சிம்முக்கு இப்போது யார் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஆளின் பெயரை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆய்வைத் தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.